ஜெபம் வாயில் வராத நாட்களில் எப்படி நிற்பது?

கேள்வி: 20 ஆகஸ்ட் 2023

நாகப்பட்டினம் பக்கம். என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவள் பிளஸ் டூ. இன்றைக்கு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் விசுவாசமாய் ஜெபித்தால் கர்த்தர் கட்டாயம் சுகம் கொடுப்பார்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு ஜெபமே வருவதில்லை. முழங்கால் போட்டால் தூக்கம் வருகிறது, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக் கணக்கு வருகிறது. அப்படியென்றால் என்னால்தான் அவருக்குச் சுகம் வரவில்லையா? கஷ்டத்தில் விசுவாசத்தில் நிலைத்திருங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி என்று ஒருவரும் சொல்வதில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

21 ஆகஸ்ட் 2023

இல்லை அக்கா. உங்களால் அல்ல. பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். யோவான் 9. யார் கையைப் பிடித்து என்ன சொன்னாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

மற்றதை நிதானமாக எழுதுகிறேன். இப்போது வயலுக்குப் போகவேண்டும். ஒன்று மட்டும்: உணர்ச்சியை நம்பாதீர்கள். உணர்ச்சி ஒன்றுக்கும் உதவாது.

24 ஆகஸ்ட் 2023

நான் பொறையாற்றுக்கு மேற்கே, வீரசோழன் பாசனத்தில் கடைசி ஊர்களில் ஒன்றில் இருக்கிறேன். பத்து மா நிலம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு மா என்றால் 33 சென்ட். பரம்பரையாக லுத்தரன் சபை.

2017 ஜூனில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. அதற்கு முந்தின சம்பாதான் தண்ணீரில்லாமல் கருகிப்போன சம்பா. கையில் காசு இல்லை, நகை ஏற்கெனவே அடகில் இருந்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. தலையின் இடது பக்கத்தில் அடைப்பு, அதனால்தான் பேச்சும் சேர்ந்து போயிற்று என்று மருத்துவர் சொன்னார். எதைக் கேட்டாலும் "அது... அது..." என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அழுவாள். 43 நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் கோயிலுக்குப் போகவில்லை. கோபம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் வெட்கமும் இருந்தது. 30 வருஷம் சபையில் வேத வாசிப்பு வாசித்தவன். அந்த வாயில் ஒரு பரமண்டல ஜெபம் வரவில்லை.

எங்கள் கோயிலில் மணி அடிக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து, கோயிலைப் பூட்டிவிட்டு, சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருவார். திண்ணையில் உட்காருவார். ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உட்கார்ந்து, துண்டால் முகம் துடைத்து, தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அரை மணி நேரம் சும்மா இருப்பார். போகும்போது ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்து, அன்றைக்குக் கோயிலில் பாடின பாட்டில் ஒரு அடியைப் பாடுவார். ராகம் எங்கேயோ போகும், இவர் எங்கேயோ போவார். பாடிவிட்டு "வரேம்மா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

எட்டாவது மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு. அவர் பாடியது எல்லாரும் ஞாயிறு பள்ளியில் படித்த பழைய பாட்டு. இரண்டாம் வரியில் தொண்டை கமறி நிறுத்தினார். உள்ளே கட்டிலிலிருந்து மூன்றாம் வரி வந்தது. என் மனைவி. "தண்ணி" என்று கேட்க முடியாதவள், வார்த்தை பிசகாமல், ராகமும் பிசகாமல், அந்த அடியை முடித்தாள். பெரியவர் திண்ணையில் அப்படியே எழுந்து நின்றார். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அது... அது..." என்றுதான் வந்தது.

அற்புதம் என்று ஊரில் சொன்னார்கள். மருத்துவரிடம் கேட்டேன். இப்படி ஆகிறது உண்டு என்றார். பேச்சு போனவர்களில் பலருக்குச் சின்ன வயதில் பழகின பாட்டு போகாது, பாட்டு மூளையில் வேறு வழியாகவும் வரும் என்றார். அதைக் கேட்டு எனக்கு ஏமாற்றமாக இல்லை. ஏழு வயதில் அவளுக்குள் போட்ட பாட்டு, 51 வயதில் எல்லாம் இடிந்து கிடந்த நேரத்தில் இடியாமல் கிடந்தது. விசுவாசத்தில் நிலைத்திருப்பது என்று எதைச் சொல்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பலமாகப் பிடித்துக்கொண்டிருந்தது அவள் அல்ல. அவளால் எதையும் பிடிக்க முடியாது, கை விழுந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு நான் கோயிலுக்குப் போனேன். பாடவில்லை. நின்றேன்.

25 ஆகஸ்ட் 2023

"உங்களுக்கு அந்தப் பாட்டு கிடைத்தது, எனக்கு என்ன இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி.

அதற்கு முன்னால், 21-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். உணர்ச்சி ஒன்றுக்கும் உதவாது என்று அவசரத்தில் எழுதிவிட்டேன். அது தப்பு. சங்கீதப் புத்தகத்தைத் திறந்தால் மூன்றில் ஒரு பங்கு அழுகைதான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறது. கோபம், புலம்பல், ஏன் ஏன் என்ற கேள்வி எல்லாவற்றையும் பரிசுத்த வேதாகமத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். நான் சொல்லவந்தது இதுதான்: உணர்ச்சி வருகிற நாளில்தான் ஜெபிப்பேன் என்று காத்திருக்கவேண்டாம்.

உங்களுக்குச் சொந்தமாக வார்த்தை வரவில்லை என்றால் இரவல் வார்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு தடவைக்கு ஒரு சங்கீதம். ஒன்றாம் சங்கீதத்திலிருந்து வரிசையாக. விளக்கம் வேண்டாம், உருகவேண்டாம். சத்தமாக வாசித்தால் போதும். 150 சங்கீதம், வாரத்துக்கு மூன்று, 50 வாரம் வருகிறது. சுகம் கிடைத்ததா என்று ஒவ்வொரு வாரமும் பார்க்காதீர்கள். எத்தனையாவது சங்கீதம் என்று மட்டும் பாருங்கள்.

தூக்கம் வருகிறது என்றீர்களே, தூங்குங்கள். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொண்டான். அதற்கும் திட்டு இல்லை. இரண்டாவது தடவையும் சாப்பாடுதான்.

2 செப்டம்பர் 2023

இந்த வருஷம் ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தார்கள். குறுவை போட்டோம். இப்போது முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் முறை வரும்போது வாய்க்காலில் கணுக்கால் அளவுகூட இல்லை. பக்கத்து ஊரில் பயிர் வெளுத்துவிட்டது. டீசல் எஞ்சின் வைத்து இறைக்கிறவர்கள் இறைக்கிறார்கள். கடற்கரைப் பக்கம் போர் போட்டால் உப்பு.

நேற்று வாய்க்காலில் ஆகாயத்தாமரை இழுத்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. தூர் வாருவது எப்போதும் தண்ணீர் இல்லாத மாதத்தில்தான். சித்திரை, வைகாசி வெயிலில் வெடித்துக் கிடக்கிற வாய்க்காலில் இறங்கி வெட்டுவோம். தண்ணீர் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, அது கர்நாடகத்தில் மழை பெய்கிறதைப் பொறுத்தது. ஆனால் மண் மேடிட்டுக் கிடந்தால் அணை நிரம்பினாலும் கடைமடைக்கு வராது. வறண்ட மாதத்து ஜெபமும் அப்படித்தான் அக்கா. ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் நீங்கள் வாசிக்கிற சங்கீதம் தூர் வாருகிற வேலை. என் மனைவிக்கு அந்த வேலையை ஏழு வயதிலேயே யாரோ செய்துவிட்டார்கள்.

6 செப்டம்பர் 2023

ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். "நீர் எழுதியது அழகாய் இருக்கிறது, ஆனால் லுத்தரன் பேசுகிற பேச்சு அல்ல. நாம் வெட்டினால்தான் கிருபை வருமென்றால் அது கிருபையா? அந்தச் சகோதரியிடம் ஏற்கெனவே ஒரு அம்மா, ஜெபம் போதாது என்றார். நீர் தூர் போதாது என்கிறீர்."

இரண்டு நாள் இதை யோசித்தேன். அவர் சொல்வது சரி. அக்கா, அந்த வாய்க்கால் உவமையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வருகிறபோது வாய்க்காலைக் கேட்டா வருகிறது? வரப்பு, மேடு, ரோடு எல்லாவற்றையும் தாண்டி வருகிறது. நான் கோயிலுக்குப் போகாத எட்டு மாதத்தில் நான் ஒரு கூடை மண்கூட வெட்டவில்லை. பெரியவர் சைக்கிளில் வந்தார்.

ஆனால் தூர் வாருகிறதை நான் விடவும் மாட்டேன். காவிரியை வரவைப்பதற்காக ஒருவரும் தூர் வாருவதில்லை. ஏதோ ஒரு நாள் வரும் என்று நம்புகிறவன்தான் காய்ந்த வாய்க்காலில் இறங்குவான். இப்படிச் சொன்னால் போதகர் ஐயா ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

(பின்சேர்க்கை: ஒப்புக்கொண்டார். "ரோமர் 8:26-ஐயும் சேர்த்துச் சொல்லும்" என்றார். நாம் என்ன வேண்டிக்கொள்வது என்று அறியாமல் இருக்கிறபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிற வசனம். முழங்காலில் நீங்கள் தூங்கிவிழுகிற நேரத்திலும் ஜெபம் நடந்துகொண்டிருக்கிறது.)

9 செப்டம்பர் 2023

நேற்று வேளாங்கண்ணித் திருவிழா முடிந்தது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து எங்கள் ரோட்டில் காவி உடுத்தி நடந்துபோகிறவர்கள் கூட்டம் ஓயவே இல்லை. பெட்ரோல் பங்க் பக்கத்தில் மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு அம்மாவுக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். வெறுங்கால், கொப்புளத்தில் துணி சுற்றியிருந்தது. எங்கிருந்து வருகிறீர்கள் என்றால் விருத்தாசலம் தாண்டி என்றார். கை ஜெபமாலையை விடவே இல்லை. மோர் குடிக்கும்போதும் இடது கையில் மணி உருண்டுகொண்டிருந்தது.

பூண்டி மாதா கோயில் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நேற்று எனக்கு எழுதியிருந்ததும் இதுதான். அவர் அம்மாவுக்கு ஞாபகம் முழுக்கப் போய்விட்டது, பிள்ளைகளையே தெரியவில்லை, ஆனால் ஜெபமாலையைக் கையில் கொடுத்தால் விரல் தானாக மணியைத் தேடி எடுக்கிறதாம்.

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது ஜெபம் அல்ல, வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார் என்று எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். கத்தோலிக்க நண்பர்களிடம் அதை வைத்து வாதாடியும் இருக்கிறேன். அந்த வசனம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் என் மனைவி பாடியதைக் கேட்ட பிறகு, அந்த அம்மாவின் விரலைப் பார்த்து வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

12 அக்டோபர் 2023

செவ்வாய்க்கிழமை மேட்டூரில் பாசனத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். அணையில் சுமார் 30 அடிதான். 120 அடி அணை. எனக்கு நாலு மா கருகிவிட்டது, ஆறு மா அரைகுறையாக அறுப்புக்கு வரும். சம்பா விதைப்பதா வேண்டாமா என்று ஊரே குழம்பிக் கிடக்கிறது.

ஆபகூக் 3 ஞாபகம் வருகிறது. வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன். சின்ன வயதில் மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கினேன். இன்றைக்கு முதல் பாதியை வாய்விட்டு வாசித்தேன். இரண்டாம் பாதியை மனதுக்குள் வாசித்தேன். இப்போதைக்கு அவ்வளவுதான் முடிகிறது.

நேற்று வேலையாகத் தரங்கம்பாடி போனவன், அப்படியே புதிய எருசலேம் ஆலயத்துக்குள் போய் உட்கார்ந்தேன். 1718-இல் கட்டியது. ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்க் ஐயர் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1706 ஜூலை 9-இல் வந்து இறங்கினார், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் படித்தார், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார் என்று எங்களுக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாம் வெற்றியாகவே மனதில் நின்றுவிட்டது. நடுவில் இருப்பதை வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1708 அக்டோபரில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே, அப்போது தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ் அதிகாரி அவரைக் கோட்டையில் அடைத்துவிட்டார். சொந்தச் சபைக்காரர்களின் அரசாங்கம். இரண்டு மாதம் சிறை. வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து எடுத்து, 1711-இல் முடித்தார். 1719-இல் இறந்தபோது வயது 36.

வெளியே வந்து அவர் முதலில் எடுத்த வசனம் எது என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். விட்ட இடம் ஏதோ ஒரு அதிகாரத்தின் பாதியாகத்தானே இருந்திருக்கும்.

13 அக்டோபர் 2023

திருத்தம். சிறை இரண்டு மாதம் அல்ல, நாலு மாதம். 1708 நவம்பரிலிருந்து 1709 மார்ச் வரை. ஞாபகத்திலிருந்து எழுதினேன். சுட்டிக்காட்டிய தம்பிக்கு நன்றி.

2 நவம்பர் 2023

கல்லறைத் திருநாள். காலையில் போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலை போட்டு, சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்றினேன். என் மனைவி போய் ஒரு வருஷமும் ஏழு மாதமும் ஆகிறது. கட்டிலில் ஐந்து வருஷம் இருந்தாள்.

கேட்கத் தயங்கி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடைசியில் சுகம் கிடைக்கவில்லையே, அப்போது விசுவாசம் என்ன ஆயிற்று?" தயங்கவேண்டாம். சுகம் கிடைக்கவில்லை. இரண்டாம் வருஷம் ஒரு ஊழியக்காரர் வீட்டுக்கு வந்தார். மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம், நிறுத்துங்கள், நான் பொறுப்பு என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, மறைக்கமாட்டேன். அவள் இடது கையால் மாத்திரை டப்பாவை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவர் ஜெபித்து முடித்து வெளியே போகிற வரைக்கும் விடவில்லை. அவளுடைய விசுவாசம் அந்தக் கையில் இருந்தது என்பேன். பிழைத்திருந்த ஐந்து வருஷமும் எங்களுக்குக் கொடுக்கப்பட்டதுதான். அதில் அவள் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்தைப் பார்த்தாள்.

அப்போஸ்தலன் பவுலுக்கும், முள் என்று அவர் சொன்ன உபத்திரவம் எடுபடவில்லை. மூன்று தரம் வேண்டிக்கொண்டார். என் கிருபை உனக்குப் போதும் என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதிலில் எனக்கு இன்னும் முழுசாகச் சமாதானம் இல்லை. மெழுகுவத்தி ஏற்றினேன். அதுவும் உண்மை, இதுவும் உண்மை.

21 நவம்பர் 2023

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் தகப்பனார் வைத்த தென்னை அத்தனையும் சாய்ந்துவிட்டது. பத்து நாள் கழித்துச் சபையில் எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார்களாம், உயிர் தப்பியதற்கு. எழுந்து நின்றார், ஒன்றும் சொல்ல வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருஷமாக அது உறுத்திக்கொண்டிருக்கிறது என்கிறார்.

ஐயா, நீங்கள் எழுந்து நின்றீர்களே. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாள்தான் அவர்கள் உருப்படியாக இருந்த நாள், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. பத்தாம் நாளில் சாட்சி கேட்பது, நட்ட மறுநாள் கதிர் கேட்கிறது மாதிரி. உங்களுக்கு முதல் வாரம் சோறு பொங்கிக் கொண்டுவந்தது யார்? கரண்ட் இல்லாத அத்தனை நாளும் தண்ணீர் கொண்டுவந்தது யார்? அவர்களைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு வார்த்தை இருக்கும். அதுவே சாட்சிதான்.

தஞ்சாவூரில் ஊழியம் செய்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றிப் படித்ததிலும் எனக்கு மனதில் நிற்பது அதுதான். ஹைதர் அலியோடு நடந்த யுத்தத்தில் சீமை பாழாகி, குடியானவர்கள் ஓடிப்போய், கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினி கிடந்தபோது அவர் நெல் வாங்கிப் பங்கிட்டார். ராஜாவின் அதிகாரிகளை நம்பாத குடியானவர்கள் இவர் வாக்கை நம்பி வண்டி கட்டினார்கள். 1798-இல் இறந்தார். எங்கள் தாத்தா அவருடைய பிரசங்கம் ஒன்றைப் பற்றியும் சொன்னதில்லை. நெல்லைப் பற்றித்தான் சொல்வார்.

26 டிசம்பர் 2023

சுனாமி வந்து 19 வருஷம். அன்றைக்கும் கிறிஸ்மஸுக்கு மறுநாள்தான், ஞாயிற்றுக்கிழமை. தரங்கம்பாடிக் கடற்கரையில் காலையில் பூவும் பாலும் விட்டார்கள். நானும் போய் நின்றுவிட்டு வந்தேன். இன்றைக்கு இதற்குமேல் எழுத வரவில்லை.

5 பிப்ரவரி 2024

கேள்வி கேட்ட அக்கா மறுபடி எழுதியிருக்கிறார், எனக்குத் தனியாக. அவர் சம்மதத்தோடு ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், வேறு பலருக்கும் பயன்படும். பொங்கலுக்குப் பிறகு அவருக்கு இரவில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, கிணற்றைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றார். இது விசுவாசக் குறைவா என்று கேட்டார். உடனே போனில் கூப்பிட்டேன். மகளையும் பேசவைத்தேன். மறுநாள் காலையில் மகளோடு மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்த்தார். இப்போது மாத்திரை எடுக்கிறார், தூக்கம் வருகிறது. வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டார்.

கிணற்றைப் பார்த்துப் பயம் வருகிறது என்று உங்களுக்கும் இருந்தால், சங்கீதம் பிறகு ஆகட்டும். அன்றைக்கே ஒரு ஆளிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். என் மனைவி மாத்திரை டப்பாவைப் பிடித்தது போலப் பிடித்துக்கொள்ளுங்கள். எலியாவுக்கு அனுப்பப்பட்ட அடையும் தண்ணீரும் இந்தக் காலத்தில் மருந்துச் சீட்டாகவும் வரும்.

முதல் பதிலிலேயே இதை நான் கேட்டிருக்கவேண்டும். தூக்கத்தைப் பற்றி அவர் ஆகஸ்டிலேயே எழுதியிருந்தார். நான் என் கதையைச் சொல்லப் போய்விட்டேன்.

28 மார்ச் 2024

பெரிய வியாழன். திருவிருந்து முடிந்து வந்து எழுதுகிறேன்.

அக்காவின் தகவல்: செப்டம்பர் 4-இல் ஒன்றாம் சங்கீதம் தொடங்கினார்கள். ஒரு தடவையும் விடவில்லை. குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் திங்கள்கிழமை 88-ஆம் சங்கீதம் வந்து நின்றிருக்கிறது. யாரும் திட்டம் போடவில்லை. அவர் கேட்கிறார்: "இதில் கடைசிவரைக்கும் ஒரு நல்ல வார்த்தை இல்லையே. மற்ற புலம்பல் எல்லாம் கடைசியில் ஆனாலும் நான் உம்மைத் துதிப்பேன் என்று திரும்புகிறது. இது திரும்பவே இல்லை. அவர் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறார், எப்படி முடிக்கிறது என்று தெரியாமல் புத்தகத்தை மூடினேன்."

ஆமாம், அது திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்று முடிந்துவிடும். அதை யாரும் எடுத்துவிடவும் இல்லை, கடைசியில் ஒரு அல்லேலூயா சேர்க்கவும் இல்லை. ஆனால் முதல் வரியைப் பாருங்கள்: என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன். இருட்டில்தான் முடிகிறது, ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்கிற இருட்டு. நாளைக்குப் பெரிய வெள்ளி. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் ஆண்டவர் சொன்னதும் 22-ஆம் சங்கீதத்தின் இரவல் வார்த்தைதான். அவருக்கே சொந்த வார்த்தை தேவைப்படவில்லை அக்கா.

நீங்கள் புத்தகத்தை மூடியது சரியான முடிவு. அடுத்த நாள் 89.

4 ஆகஸ்ட் 2024

இந்த வருஷம் ஜூன் 12-இல் மேட்டூரைத் திறக்கவில்லை, தண்ணீர் இல்லை. எங்கள் பக்கம் குறுவை போடவே இல்லை. அப்புறம் கர்நாடகத்தில் பெய்து, ஒரே மாதத்தில் நிலவரம் மாறி, ஜூலை 28-இல் திறந்தார்கள். 30-ஆம் தேதி 120 அடி நிரம்பிவிட்டது. நேற்று ஆடிப்பெருக்கு, மேலே எல்லா இடத்திலும் இரண்டு கரையும் தொட்டுப் போகிறதாம். எங்கள் மடைக்கு இன்னும் வரவில்லை. ஆராதனை முடிந்து வந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடை வாயில் கிடந்த செத்தையை இழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மணி அடிக்கிற பெரியவர் மே மாதம் காலமாகிவிட்டார். இங்கே பலர் அவரைப் பற்றிக் கேட்டிருந்ததால் சொல்கிறேன். கடைசி இரண்டு மாதம் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். எனக்கும் ராகம் வராது.

அக்கா வெள்ளிக்கிழமை எழுதியது: 141 முடிந்தது. 119-ஆம் சங்கீதத்துக்கு மட்டும் நாலு தடவை ஆயிற்றாம், 176 வசனம். வீட்டுக்காரர் உடம்பு அதே மாதிரிதான். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்திருக்கிறார்கள். மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். அடுத்த கட்டிலில் நாகூர்க்காரர் ஒரு பாய், ஆறு மாதமாக அதே நேரத்துக்கு வருகிறவர். அன்றைக்கு நர்ஸ் வந்து பேசிக்கொண்டிருந்ததில் அக்கா வாசிக்க நேரமாகிவிட்டது. பாய் தலையைத் திருப்பி, "இன்னும் தொடங்கலையா? இன்னைக்கு எத்தனையாவது?" என்று கேட்டாராம்.